கைப்பேசி உலகில் இரு வாசல்கள்

இன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதில் பேசுகிறோம், படம் பிடிக்கிறோம், மின்கட்டணம் செலுத்துகிறோம், பேருந்து எங்கே வருகிறது என்று பார்த்துக் கொள்கிறோம். இவற்றுள் ஒவ்வொன்றையும் செய்து தருவது அதனுள் குடியிருக்கும் ஒரு நிரல். அதைச் செயலி என்கிறோம். செயலியைப் பயன்படுத்துவோர் கோடிக்கணக்கில் இருக்கிறோம். எழுதுவோர் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நம்மில் கணினி அறிவியல் பயிலும் மாணவியர் நாளை அந்த எழுதுவோர் வரிசையில் சேரப் போகிறவர்கள். ஆதலால் அந்தப் பக்கத்திலிருந்து இப்பொருளை ஒரு முறை பார்ப்போம்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்து கொள்வோம். அமலா என்று அவளுக்குப் பெயர் வைப்போம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய பாட்டிக்கு இரத்த அழுத்தமும் உண்டு, சர்க்கரையும் உண்டு. காலையில் இரண்டு மாத்திரை, இரவில் மூன்று. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிகள் பல இருக்கின்றன; ஆனால் அவற்றின் பொடி எழுத்தும் ஆங்கிலமும் பாட்டிக்கு உதவவில்லை. 'பாட்டி, வெள்ளை மாத்திரை போட்டாச்சா?' என்று பேத்தியின் குரலிலேயே கூப்பிட்டுக் கேட்கும் ஒரு செயலியைக் கோடை விடுமுறையில் அமலா எழுதி முடித்து விடுகிறாள். எழுதிய மட்டும் போதுமா? அதைப் பாட்டியின் கைப்பேசியில் ஏற்ற வேண்டுமே! அவள் எழுதிய நிரல் சரியாக இருந்தாலும், பாட்டியின் கையில் இருப்பது எந்த வகைக் கைப்பேசி என்பதைப் பொறுத்து அவள் நடக்க வேண்டிய வழி முற்றிலும் மாறி விடுகிறது.

கைப்பேசிக்குள் எல்லாச் செயலிகளுக்கும் அடித்தளமாக ஒரு பெரிய நிரல் இருக்கிறது. அதை இயங்குதளம் என்பர். இன்று உலகில் விற்கும் திறன்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இயங்குதளங்களில் ஓடுகின்றன. ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். இது ஐபோனில் மட்டும் உண்டு. மற்றொன்று கூகுள் வளர்க்கும் ஆண்ட்ராய்டு. இது பல நிறுவனங்களின் கைப்பேசிகளில் உண்டு. முன்னதை மூடிய மேடை என்றும் பின்னதைத் திறந்த மேடை என்றும் சொல்வது வழக்கம். இந்த வழக்குச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் சிறிது வரலாறு. ஐபோனை 2007 ஜனவரி 9-ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகம் செய்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் அது விற்பனைக்கு வந்தது. இன்று பலருக்கு வியப்பாக இருக்கும், அப்போது அதில் செயலிக் கடையே கிடையாது. வெளியார் எழுதும் நிரல் எதையும் அதில் ஏற்ற முடியாது. எழுத விரும்புவோர் இணையப் பக்கமாக எழுதுங்கள், அதைக் கைப்பேசியில் திறந்து பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். நிரல் எழுதுவோர் இதில் நிறைவடையவில்லை. சிலர் பூட்டை உடைத்தே உள்ளே புகுந்தனர். இறுதியில் 2008 ஜூலை 10-ஆம் நாள் ஏறக்குறைய 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆனால் வாயிற்காவலர் ஒருவர் நின்றார். ஆப்பிளின் ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்ட செயலி மட்டுமே உள்ளே போகலாம். அந்தக் கடையைத் தவிர வேறு கடையும் கிடையாது.

ஆண்ட்ராய்டு வேறு விதமாகப் பிறந்தது. அது 2003-இல் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 2005-இல் கூகுளின் கைக்கு வந்தது. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டணியாக அதை உலகுக்கு அறிவித்தார்கள். இதன் அடித்தளம் லினக்ஸ். மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தம் கைப்பேசியில் போட்டு விற்கலாம். 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தபோது அதற்கும் ஒரு செயலிக் கடை இருந்தது. 2012-இல் அதன் பெயர் பிளே ஸ்டோர் என்று மாறியது. ஆனால் அந்தக் கடை வழியாகத்தான் வர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஏ.பி.கே. என்னும் கோப்பாகச் செயலியை நேரே கைப்பேசிக்கு அனுப்பி நிறுவிக் கொள்ளலாம். வேறு கடைகளும் நடத்தலாம். 2010 முதல் எஃப்-டிராய்டு என்னும் கடை, மூல நிரல் வெளிப்படையாக உள்ள செயலிகளை மட்டும் இலவசமாக வழங்கி வருகிறது.

இப்போது அமலாவிடம் திரும்புவோம்.

பாட்டியின் கைப்பேசி ஐபோன் என்று வைத்துக் கொள்வோம். ஐபோனுக்கான செயலியை உருவாக்கித் தரும் எக்ஸ்கோடு என்னும் கருவி ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். வீட்டில் இருக்கும் விண்டோஸ் கணினியில் ஓடாது. எவரிடமாவது மேக் கணினியைக் கடன் வாங்கி வேலையை முடித்தாலும், கட்டணமில்லாத கணக்கில் ஏற்றிய செயலி ஏழு நாட்களுக்குத்தான் வேலை செய்யும். எட்டாம் நாள் பாட்டியைக் கூப்பிட ஆள் இல்லை. வாரா வாரம் மறுபடி ஏற்ற வேண்டும். நிலையாக இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 99 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், செலுத்தி உறுப்பினராக வேண்டும். அதற்கும் வயது வந்தவராக இருக்க வேண்டும். பள்ளி மாணவிக்குத் தன் பெயரில் அது கிடையாது. அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்திட வேண்டும். (பள்ளிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த ஆண்டுக் கட்டணத்தில் விலக்கு உண்டு என்பதை நியாயமாகச் சொல்லி விட வேண்டும்.)

ஆண்ட்ராய்டாக இருந்தால்? ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் கருவி விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், விலை இல்லை. செயலியைக் கோப்பாக்கி, ஒரு கம்பியை மாட்டிப் பாட்டியின் கைப்பேசியில் ஏற்றி விடலாம். அரை மணி நேர வேலை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 'உன் பேத்தி எழுதியதை எனக்கும் போட்டுக் கொடு' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டாலும் அப்படியே கொடுக்கலாம்.

ஆனால் ஊரெல்லாம் எடுத்துக்கொள்ளும்படி பிளே ஸ்டோரில் வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால், அங்கேயும் வாயில் இருக்கிறது. ஒரே ஒரு முறை 25 டாலர் பதிவுக் கட்டணம். இங்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு இன்னொரு விதியும் சேர்ந்தது: செயலியைக் கடையில் வைக்குமுன் 20 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். 2024-இன் இறுதியில் 20 என்பதை 12 ஆகக் குறைத்தார்கள். பெரிய நிறுவனத்துக்குப் பன்னிரண்டு பேர் ஒரு பொருட்டல்ல. தனியாக எழுதும் பெண்ணுக்குச் சித்தி, மாமா, வகுப்புத் தோழியர் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பெற்றோர் பலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். கடைக்குக் காவல் இருப்பது நல்லதுதானே? யார் எழுதியதோ தெரியாத நிரலைக் கைப்பேசிக்குள் ஏன் விட வேண்டும்? இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்றும், வங்கி அறிவிப்பு என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பும் மோசடியைப் பற்றி நம் நாட்டுக் காவல்துறையினர் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறார்கள். அதைத் தொட்டு நிறுவினால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியிலிருந்து திருடும் நிரல் உள்ளே புகுந்து விடும். அமலா தன் செயலியைப் பாட்டிக்குக் கொடுக்கும் வழியும், திருடன் தன் நிரலைப் பாட்டிக்கு அனுப்பும் வழியும் ஒன்றேதான். கைப்பேசிக்கு இருவரையும் பிரித்தறியத் தெரியாது. மூடிய மேடைக்காக வாதாடுவோரின் வலிமையான வாதம் இதுவே. ஐபோனில் இந்த மோசடி நடப்பது மிகக் கடினம் என்பதும் உண்மை.

ஆயினும் காவலர் தடுப்பது திருடரை மட்டும் அன்று. தமிழர்க்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்வோம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் திறன்பேசிகள் பரவும் முன்பே, 2005-இல், கைப்பேசியில் தமிழில் எழுதச் 'செல்லினம்' என்னும் செயலியை உருவாக்கியவர். ஆண்ட்ராய்டில் 2009 முதல் வெளியார் எழுதும் விசைப்பலகையைக் கைப்பேசி முழுவதற்கும் பொதுவாக அமைத்துக் கொள்ள இடம் இருந்தது. அதனால் தமிழ் விசைப்பலகை ஒன்றை நிறுவிவிட்டால் கடிதத்திலும் குறுஞ்செய்தியிலும் எங்கும் தமிழில் எழுதலாம். ஐபோனில் இதற்கு 2014 வரை இடமில்லை. வெளியார் தந்த தமிழ்ச் செயலியில் எழுத விரும்பினால், அந்தச் செயலிக்குள்ளேயே எழுதி, வெட்டி எடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். ஆப்பிள் தமிழுக்குப் பகை என்று இதற்குப் பொருள் இல்லை. விசைப்பலகை வழியே நாம் எழுதும் கடவுச் சொற்களைப் பிறர் திருடலாம் என்ற அச்சத்துக்கும் காரணம் உண்டு. ஆனால் எழுதித் தர வல்லவர்கள் தயாராக இருந்தும் காத்திருக்க நேர்ந்தது. கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழிக்கே இந்த நிலை என்றால், சில ஆயிரம் பேர் பேசும் மலைவாழ் மக்களின் மொழிக்கு விசைப்பலகை செய்ய விரும்புபவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பணம். வாரச் சந்தையில் கடை போடுவோரிடம் குத்தகைதாரர் சுங்கம் வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. செயலிக் கடைகளிலோ விற்ற தொகையில் நூற்றுக்கு 30 என்று தொடங்கினார்கள். சிறியவர்களுக்கு, அதாவது ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்கு உட்பட்டவர்களுக்கு, ஆப்பிள் 2021 ஜனவரி முதல் அதை 15 ஆகக் குறைத்தது. கூகுள் அதே ஆண்டு ஜூலை முதல், எவராயினும் அவருடைய முதல் பத்து இலட்சம் டாலருக்கு 15 என்று ஆக்கியது. இலவசச் செயலிக்கு இந்தச் சுங்கம் இல்லை. உணவு வரவழைத்தால், வாடகைக் கார் அழைத்தால், அந்தப் பணத்திலும் பங்கு இல்லை. கைப்பேசிக்குள்ளேயே நுகரும் பொருளுக்குத்தான், அதாவது பாட்டு, விளையாட்டு, சந்தா போன்றவற்றுக்குத்தான் பங்கு. இந்தப் பாகுபாடு ஏன் என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பது கடினம் என்பது நம் எண்ணம்.

இதைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்று சென்னையிலேயே நடந்தது. கூகுளின் கட்டணக் கொள்கையை எதிர்த்து இந்திய நிறுவனங்கள் பல சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. அவற்றுள் பாரத் மேட்ரிமோனி முதலிய திருமணத் தகவல் செயலிகளை நடத்தும் சென்னை நிறுவனமும் ஒன்று. 2023 ஆகஸ்டிலும், மேல் முறையீட்டில் 2024 ஜனவரியிலும் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு வரவில்லை. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்புத் தர மறுத்தது. 2024 மார்ச் 1-ஆம் நாள், 11 முதல் 26 சதவீதம் வரையிலான கட்டணத்தைச் செலுத்தாத நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து எடுத்து விட்டது. பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய தொழில் ஒரே நாளில் அங்காடியிலிருந்து காணாமற் போனது. மத்திய அரசு தலையிட்டுப் பேசிய பின், சில நாட்களில் அவை திரும்ப வைக்கப்பட்டன.

சட்டப்படி கூகுள் செய்தது சரியா தவறா என்பது நீதிமன்றங்களின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஆண்ட்ராய்டு திறந்த மேடையாயிற்றே; பிளே ஸ்டோரில் இடமில்லை என்றால் தம் இணையத் தளத்திலேயே கோப்பை வைத்து விற்கலாமே? வைக்கலாம். ஆனால் அங்கே வந்து எடுப்பவர் எத்தனை பேர்? கைப்பேசி வாங்கும்போதே முகப்பில் இருக்கும் கடைக்குத்தான் மக்கள் போவார்கள். வேறு இடத்திலிருந்து நிறுவப் போனால் 'இது ஆபத்தாக இருக்கலாம்' என்று கைப்பேசியே எச்சரிக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பனார் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போவாரா?

ஆகவே திறந்தது என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லார்க்கும் பொது. பிளே ஸ்டோரும் வரைபடமும் அவற்றைத் தாங்கும் கூகுளின் சேவைகளும் பொது அல்ல. 2019 மே மாதம் அமெரிக்க அரசு சீனாவின் ஹுவாவே நிறுவனத்துக்குத் தடை விதித்தபோது இது வெட்ட வெளிச்சமாயிற்று. பொது நிரலை எடுத்து ஆண்ட்ராய்டுக் கைப்பேசி செய்ய அந்நிறுவனத்துக்குத் தடையில்லை. ஆனால் அதன் புதிய கைப்பேசிகளில் பிளே ஸ்டோர் இல்லை. சீனாவுக்கு வெளியே அவற்றின் விற்பனை சரிந்தது. நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பார்-ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தை வெளியிட்டதும் இதே பொது நிரலின் மேல்தான். திறந்த நிரல் இல்லாவிடில் அதைத் தொடங்கியிருக்கவே முடியாது. அதே சமயம் நிரல் ஒன்று மட்டும் இருந்தால் சந்தை வந்துவிடாது.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது இந்தப் பின்னணியில்தான். பிளே ஸ்டோர் வேண்டும் என்னும் கைப்பேசி நிறுவனங்கள் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்து ஏற்றியே ஆக வேண்டும் என்னும் ஒப்பந்தம் முறையற்றது என்றது ஆணையம். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வேறு சில கட்டளைகளை நீக்கினாலும் அபராதத் தொகையைக் குறைக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்த வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், 2020 ஆகஸ்டு 13-ஆம் நாள் கடைகளுக்குப் பங்கு தராமல் தானே நேராகப் பணம் வாங்கத் தொடங்கியது. அன்றைய தினமே ஆப்பிளும் கூகுளும் அதைத் தம் கடைகளிலிருந்து நீக்கின. எபிக் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. மூடிய மேடை தோற்கும், திறந்த மேடை வெல்லும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது தலைகீழ். 2021 செப்டம்பரில் ஆப்பிள் பெரும்பாலும் வென்றது. வெளியே பணம் செலுத்தும் வழியைச் சொல்ல விடாமல் தடுக்கக் கூடாது என்ற அளவில்தான் அதற்கு எதிராக ஆணை பிறந்தது. (அந்த ஆணையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று 2025 ஏப்ரலில் அதே நீதிபதி ஆப்பிளைக் கடிந்து கொண்டார் என்பது தனிக் கதை.) கூகுளோ 2023 டிசம்பரில் ஜூரிகள் முன் தோற்றது. கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, வேறு கடைகள் தலையெடுக்காதபடி கைப்பேசி நிறுவனங்களோடும் விளையாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தங்கள் செய்தது அங்கே வெளிவந்தது. முதலிலிருந்தே பூட்டி வைத்தவரை விட, திறந்து வைத்துவிட்டு வழியை மறித்தவருக்கே சங்கடம் அதிகமாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் வழக்கோடு நிற்காமல் சட்டமே செய்தது. அதன்படி 2024 மார்ச்சு முதல் அந்த நாடுகளில் ஐபோனிலும் பிறர் கடை வைக்கலாம். செயலி எந்தக் கடையில் இருந்தாலும் அதில் தீங்கான நிரல் இல்லையா என்று ஆப்பிள் ஒரு முறை பார்த்து முத்திரையிடும். காவலையும் கடையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. நம் கருத்தும் ஏறக்குறைய இதுவே. வாசலில் சோதனை இருக்கட்டும். சோதிப்பவரே தண்டலும் வாங்கி, எதிர்க் கடையும் வைத்து, வேறு வாசலே கூடாது என்று சொல்லும்போதுதான் அச்சமாக இருக்கிறது.

இவ்வேளையில் திறந்த மேடையும் தன் கதவைச் சற்றுச் சாத்தத் தொடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்புச் செய்தது. பிளே ஸ்டோரில் மட்டும் அல்ல, கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் எங்கிருந்து நிறுவினாலும், செயலியை எழுதியவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும் என்பது அது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிப்பதாகத் திட்டம். மோசடிக்காரர் பெயரை மாற்றி மாற்றி வருவதைத் தடுக்கவே இது என்றது கூகுள். எஃப்-டிராய்டு போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தனர். தம் செயலிகளை எழுதியவர்கள் உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள். அவர்களில் எல்லாரும் அடையாளச் சீட்டை ஒரு நிறுவனத்திடம் கொடுக்க முன்வர மாட்டார்கள் என்றனர். அந்த எதிர்ப்புக்குப் பின், 2025 நவம்பரில் கூகுள் இரண்டு விலக்குகளைச் சொன்னது. ஆபத்தை அறிந்தே ஏற்க விரும்பும் பயனாளர்களுக்குத் தனி வழி ஒன்று. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுவோர்க்கும், முழுச் சோதனை இன்றிச் சில கைப்பேசிகளுக்கு மட்டும் செயலியைக் கொடுக்க இடம் தரும் தனிக் கணக்கு மற்றொன்று.

அமலாவுக்கு இந்த இரண்டாவது விலக்கு பொருந்தும். பாட்டியின் கைப்பேசி ஒன்று, பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது ஒன்று. அதற்கு அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வந்து கேட்டால், அப்போது அவள் வாசலில் போய் நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.